அஞ்சரை மணி ஷிஃப்ட்

பொல்பிட்டிய
04.08.2024

தங்கச்சி சுலக்ஷனாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? நுவரெலியா குளிருக்கு ஒரு போர்வை போதாது, இரண்டு கேட்டு வாங்கு. எனக்கு ஒன்றும் இல்லை. இங்கே பவர் ஸ்டேஷனில் டர்பைனும் ஓடுகிறது, நானும் ஓடுகிறேன்.

எனக்குக் கடிதம் எழுதத் தெரியாது. கடைசியாக எழுதியது ஒன்பதாம் ஆண்டில், 'சுற்றுலா போக அனுமதி கேட்டு பாடசாலை அதிபருக்கு ஒரு கடிதம்'. அதற்கும் பத்துக்கு நாலு புள்ளிதான். போன் பழக்கத்தை மாற்றுகிற உங்கள் நிலையத்தில் பன்னிரண்டு கிழமைப் பயிற்சி முடியும்வரை போன் கிடையாது, வீட்டார் பேசுவதென்றால் கடிதம் மட்டும்தான் என்று பொறுப்பாளர் கிருஷாந்தி மிஸ் சொன்னதால் எழுதுகிறேன். ஒரு மெசேஜ் அரைச் செக்கனில் போய்விடும். இது மூன்று நாள் போகும். சரி, சட்டம் சட்டம்தான்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன்னை அங்கே சேர்த்தது தண்டனை இல்லை. விடிய விடிய போனோடு முழித்திருந்து ஸ்கூல் அசெம்ப்ளியில் மயங்கி விழுந்தாய். தவணைப் பரீட்சையில் மூன்று பாடம் பெயில். போனைப் பிடுங்க வந்த நாகலெட்சுமி சித்தியைத் தள்ளிவிட்டாய். சித்தியின் மணிக்கட்டு இன்னும் வீங்கித்தான் இருக்கிறது, அந்தக் கையோடுதான் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறார். அம்மா குவைத்தில் வீட்டு வேலையில், நான் இங்கே. தோட்டத்து லயத்து வீட்டில் உனக்கென்று இருப்பது சித்தி ஒருத்தர். அவரையே தள்ளினால் நான் வேறு என்ன செய்வது? அம்மாவிடம் படிப்புக்காக ஹொஸ்டலில் விட்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

உன் போனை ரீசெட் பண்ணிவிட்டேன். எல்லாம் அழிந்துவிட்டது. அதற்கு முன் டேட்டா போன விதத்தை மட்டும் பார்த்தேன். ராத்திரி முழுக்க வீடியோ, கேம். அது புரிகிறது. ஆனால் தினமும் பின்னேரம் அஞ்சரையிலிருந்து ஏழரை வரைக்கும் ஒரு வீடியோ கால். ஒரு நாள்கூடத் தவறவில்லை. யாருக்கு என்று பார்த்தால் கால் பட்டியல் சுத்தமாகத் துடைத்துக் கிடக்கிறது. தினமும் நீதான் அழித்திருக்கிறாய்.

யார் அவன்? பெயரை எழுது. நான் கத்தமாட்டேன், கடிதத்தில் கத்தவும் முடியாது. ஆனால் பெயர் தெரியாமல் உன்னை அந்த வீட்டில் மறுபடி விடமாட்டேன். மஸ்கெலியா ஸ்கூலிலிருந்து நிறுத்தி எங்காவது ஹொஸ்டலில் போட்டுத்தான் ஓ.எல் பரீட்சை எழுத வைப்பேன். அம்மா ஒக்டோபர் பதினைந்தாம் தேதி இன்னும் இரண்டு வருஷ வேலை ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறார். நமக்காகத்தான் போடுகிறார். அதை நினைத்துக்கொண்டு பதில் எழுது.

அண்ணன்
திலக்ஷன்


நுவரெலியா
14.08.2024

அண்ணாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். போர்வை ரெண்டு குடுத்துட்டாங்க, நீங்க சொல்றதுக்கு முந்தியே. நீங்க வேளைக்குச் சாப்பிடுறீங்களா? பாணும் பருப்பும்னு நாளைக் கடத்தாதீங்க. சித்தி கைக்கு எண்ணெய் போட்டாங்களா? நான் கேட்டேன்னு சொல்லுங்க. இல்ல, சொல்லாதீங்க. நானே எழுதுறேன்.

இங்க பதினோரு பேர் இருக்கோம். என் பக்கத்துக் கட்டில் ரிஃப்னா. ஹட்டன்ல அவ வாப்பாவுக்குப் புடவைக் கடை. அவ கேம்ல பெரிய ஆளாம். 'நான் இல்லாம என் டீம் தோத்துக்கிட்டு இருக்கும்டி'ன்னு தினமும் காலையில ஒரு தடவை பெருமூச்சு விடுவா. முதல் மூணு நாளும் எல்லார் கையும் சும்மா சும்மா சட்டைப் பையைத் தடவிச்சு. எனக்குத் தொடையில போன் அதிர்ற மாதிரியே இருக்கும். தொட்டுப் பாத்தா பாவாடை மட்டும்தான் இருக்கும்.

காலையில வாழ்க்கைத்திறன் பயிற்சி, பின்னேரம் ஓ.எல் பாடம். பயிற்சின்னா 'போன் கெட்டது'ன்னு மூணு மணித்தியாலம் பேசுவாங்கன்னு நினைச்சேன். கிருஷாந்தி மிஸ் முதல் நாளே ஒரு மூட்டை மரக்கறியக் கொட்டி, 'பதினோரு பேருக்கும் சமைங்க, பகல் சாப்பாட்டுக்கு வாறேன்'னு சொல்லிட்டு வெளியில போயிட்டாங்க. சோறு குழைஞ்சு களியாப் போச்சு. ரிஃப்னா சட்டியப் பாத்து, 'இதுக்கு ரீஸ்டார்ட் பட்டன் இல்லையா மிஸ்?'னு கேட்டா. மிஸ் அதைத்தான் முதல்ல சாப்பிட்டாங்க.

ஒரு கொப்பி குடுத்திருக்காங்க. கை போனுக்குப் போறதுக்கு முந்தின நிமிஷம் மனசுல என்ன இருந்துச்சுன்னு அதுல எழுதணும். நேரம் போட்டு எழுதணும். நான் நிறைய எழுதிட்டேன். ஒரு நேரத்துக்கு மட்டும் பக்கம் வெறுமையா இருக்கு. மிஸ் பாத்துட்டு அடுத்த பக்கத்தத் திருப்பிட்டாங்க.

ஞாயிற்றுக்கிழமை அம்மா எடுத்தா நான் சுகம்னு சொல்லுங்க. அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டு எழுதுங்க. 'நல்லா இருக்காங்க'ன்னு மட்டும் எழுதாதீங்க அண்ணா.

உங்க தங்கச்சி
சுலா


பொல்பிட்டிய
20.08.2024

சுலாவுக்கு,

நீ சுகமாக இருப்பது தெரிந்தது. சந்தோஷம். என் கேள்விக்குப் பதில் இல்லாததும் தெரிந்தது. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், களிச்சோறு வரை வந்திருக்கிறது, பெயர் மட்டும் வரவில்லை.

அம்மா ஞாயிற்றுக்கிழமை எடுத்தார். நாலு நிமிஷம் பேசினோம். 'நல்லா இருக்கேன்பா' என்றார். நீ எழுதாதே என்றாலும் அவர் சொன்னது அதுதான், நான் வேறு என்ன எழுதுவது? கையெழுத்து விஷயம் கேட்டேன். 'பதினஞ்சாம் தேதி கேப்பாங்க' என்றார். இன்னும் இரண்டு வருஷம் பல்லைக் கடித்தால் நாம் கட்டுகிற புது வீட்டுக் கூரையை முடித்துவிடலாம் என்று சொன்னேன். 'ஆமாப்பா' என்றார். அவ்வளவுதான். எனக்கு அப்போது டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

இந்தக் கடிதம் எழுதுவதில் ஒரு தொல்லை இருக்கிறது. அடுத்த வரி என்னவென்று யோசிக்கிற இடைவெளியில் தேவையில்லாததெல்லாம் ஞாபகம் வருகிறது. நேற்று அந்தப் பாறை வந்தது.

உனக்கு அப்போது பதினொரு வயது. கொரோனா வந்து ஸ்கூலைப் பூட்டி, எல்லாப் பாடமும் போனில் என்றார்கள். லயத்தில் ஒரு துளி சிக்னல் இல்லை. நான்தான் உன் கையைப் பிடித்து, மலை மலையாக நடந்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு மேலே ஏழாம் நம்பர் மலைப் பாறையில் இரண்டு கோடு சிக்னல் கண்டுபிடித்தேன். அம்மா கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு ரொட்டியும் கட்டச்சம்பலும் பிளேன்டியும் எடுத்துக்கொண்டு நேராக அங்கே ஏறி வருவார். ஒரு நாள் வந்து உட்கார்ந்தவர், உன் விஞ்ஞான மிஸ்ஸின் குரலைக் கேட்டுவிட்டு என்னிடம் ரகசியமாக, 'அவங்க என்னையப் பாக்குறாங்களாடா?' என்றார். நான் பதில் சொல்வதற்குள் கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்துச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் ஒளித்து, தலையைக் கோதி, நேராக உட்கார்ந்துவிட்டார். கேமரா ஓஃப் என்று நான் சொன்னது பாடம் முடிந்த பிறகுதான். 'எருமை, முன்னாடியே சொல்றதுக்கு என்ன?' என்று முதுகில் ஒன்று வைத்தார். அடித்துவிட்டு அவரே சிரித்தார்.

மழை வந்தால் குடையை உனக்கோ எனக்கோ பிடிக்கமாட்டார். போனுக்குப் பிடிப்பார். நாம் மூன்று பேரும் நனைவோம்.

அன்றைக்கு ஒரு போன், மூன்று பேர். இன்றைக்கு மூன்று போன் வாங்கியாகிவிட்டது, பாறையில் யாரும் இல்லை.

சரி, போதும். பெயரை எழுது.

அண்ணன்
திலக்ஷன்


நுவரெலியா
03.09.2024

அண்ணாவுக்கு,

சுகமா இருக்கீங்களா? எனக்குத் தடிமனும் இருமலும் வந்து போயிருச்சு. மிஸ் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தாங்க. நீங்க மழையில நனையாதீங்க.

போன கிழமை எங்கள மார்க்கெட்டுக்கு அனுப்பினாங்க. ரெண்டு ரெண்டு பேரா, கையில ஒரு பட்டியல், வழிய நாங்களே விசாரிச்சுப் போகணும். எனக்கு முன்னெல்லாம் கடையில நின்னு ஒண்ணு கேக்கவே வாய் வராது, போனைப் பாத்துக்கிட்டே நின்னுருவேன். அன்னைக்குப் பாக்க ஒண்ணும் இல்ல. லீக்ஸ் விக்கிறவர்கிட்ட நான் 'முதலாளி, கீயத?'ன்னு சிங்களத்துல விலை கேட்டேன். அவர் என்னைய ஏற இறங்கப் பாத்துட்டு, 'தமிழ்லயே கேளு மகள், நான் ராகலைதான்'னாரு. ரிஃப்னா சிரிச்சுச் சிரிச்சு முட்டைக்கோஸ் மேல உக்காந்துட்டா.

இன்னொண்ணு. அயன் பண்ற மெஷின்ல பிளக் புகைஞ்சுச்சு. மிஸ் தூக்கிப் போடப் போனாங்க. நான் கழட்டிப் பாத்தேன். பச்சை மஞ்சள் எர்த் கம்பி கழண்டு கிடந்துச்சு, லைவ் கம்பியோட திருகாணியும் லூஸ். 'அந்தக் கம்பிக்கு வேலை இல்லன்னு நினைக்காத, ஆபத்து வர்ற வரைக்கும் அது சும்மாதான் கிடக்கும்'னு நீங்க சொல்லிக் குடுத்தது ஞாபகம் வந்துச்சு. சரி பண்ணிட்டேன். மிஸ் அடுத்த நாள் பயிற்சிய என்னையே நடத்தச் சொல்லிட்டாங்க. பத்துப் பேருக்கும் பிளக் மாட்டக் கத்துக் குடுத்தேன்.

பாறைய நீங்க மறந்திருப்பீங்கன்னு நினைச்சேன். நீங்க ஒண்ணை விட்டுட்டீங்க. ஒரு நாள் கணக்குப் பாடத்துல பாதியிலேயே போன் செத்துப் போச்சு. நீங்க 'வா, இறங்குவோம்'னு எழும்பினீங்க. அம்மா 'இருங்கடா, இப்ப இறங்கி என்ன வெட்டப் போறீங்க?'ன்னு ரொட்டியப் பிச்சு ஆளுக்குக் குடுத்தாங்க. பனி ஏறி லயம், மடுவம், ரோட்டு எல்லாம் மறைஞ்சு போச்சு. யாரும் ஒண்ணும் பேசல. நீங்க அம்மா மடியில தலை வச்சுத் தூங்கிட்டீங்க. பத்தொம்பது வயசு உங்களுக்கு. கொறட்டை வேற.

அம்மாகிட்ட அடுத்த தடவை கொஞ்ச நேரம் கூடப் பேசுங்க. டியூட்டி இல்லாத நேரமாப் பாத்து.

ஒரு உதவி. அம்மாவோட நம்பரை முழுசா, முன்னால வர்ற நாட்டு இலக்கத்தோட எழுதி அனுப்புங்க.

தங்கச்சி
சுலா


பொல்பிட்டிய
08.09.2024

சுலாவுக்கு,

தடிமன் போனதில் சந்தோஷம். பிளக் விஷயம் நல்ல வேலை. ஆணியை இறுக்கிய பிறகு கம்பியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாயா? பார்த்திருக்கவேண்டும்.

நம்பர் எதற்கு? அங்கேதான் போன் இல்லையே. போன் இல்லாத இடத்தில் நம்பரை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? இல்லை, யாரிடமாவது போன் இருக்கிறதா? இருந்தால் நேராகச் சொல். நான் முட்டாள் இல்லை சுலா. நம்பர் எழுதமாட்டேன்.

அம்மாவை நினைத்து இப்போது உருகுகிற நீ, அந்த இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பத்து நிமிஷம் அம்மாவுக்கு எடுத்திருக்கலாம். யாரோ ஒருத்தனுக்கு நாள் தவறாமல் நேரம் இருந்தது, பெற்றவளுக்கு இல்லை.

அண்ணன்


பொல்பிட்டிய
29.09.2024

சுலாவுக்கு,

மூன்று கிழமையாகக் கடிதம் இல்லை. சுகமாக இருக்கிறாயா? நிலையத்துக்கு எடுத்தேன். கிருஷாந்தி மிஸ், 'பிள்ளை நல்லா இருக்கா, எழுதுறப்ப எழுதுவா' என்றார். 'பேச முடியுமா?' என்று கேட்டேன். 'சட்டம் உங்களுக்கும்தான் தம்பி' என்று வைத்துவிட்டார்.

போன கடிதத்தின் கடைசி வரிகளை எழுதியிருக்கக்கூடாது. தபாலில் போட்ட பிறகு அழிக்க முடியாது என்பது இந்தக் கடிதத்தில் இருக்கிற பெரிய குறை.

நேற்று லயத்துக்குப் போனேன். சித்தியின் கை சரியாகிவிட்டது. நீ அவருக்குத் தனியாக எழுதிய கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறார். எனக்குக் காட்டவில்லை. 'பிள்ளைய ரொம்ப ஏசாத' என்று மட்டும் சொன்னார்.

குசினியில் பல்பு மாற்ற ஏறினேன். அடுப்புக்கு எதிரே உள்ள தட்டில், அரிசி வாளிக்குப் பக்கத்தில், ஒரு கம்பியை வளைத்து ஆணியில் கட்டி வைத்திருக்கிறாய். போன் சாய்த்து வைக்கிற ஸ்டாண்ட். நல்ல வேலை, சரிவுகூடச் சரியாக இருக்கிறது. என் போனை எடுத்து அதில் வைத்துப் பார்த்தேன். என்ன தெரிகிறது தெரியுமா? அடுப்பு. அம்மி. தரையில் நீ உட்கார்ந்து படிக்கிற சாக்கு. அவ்வளவுதான்.

நான் அரைமணித்தியாலம் அந்த ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொடியனோடு பேசுகிற எந்தப் பிள்ளை போனை அடுப்புப் பக்கம் திருப்பி வைப்பாள்? நடு வீட்டில், எல்லோரும் போகிற வருகிற இடத்தில்?

எனக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. நான் ஏசவில்லை. கேட்கிறேன்.

திலக்ஷன்


நுவரெலியா
04.10.2024

அண்ணா,

நான் சுகம். நீங்களும் சுகமா இருக்கணும். மூணு கிழமையா எழுதி எழுதிக் கிழிச்சேன். உங்க கடைசி வரிக்குக் கோவத்துல ஒரு கடிதம், அழுகையில ஒரு கடிதம். ரெண்டையும் அனுப்பல. அம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன். இப்ப அதை உடைக்கிறேன். ஏன்னா பதினஞ்சாம் தேதிக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருக்கு.

பொடியன் யாரும் இல்ல. அது அம்மா.

இங்க அஞ்சரைன்னா அங்க மூணு மணி. அந்த வீட்டுல எல்லாரும் பகல் சாப்பாடு முடிஞ்சு தூங்குற நேரம். அம்மா மட்டும் குசினியில ராச்சாப்பாட்டுக்கு நறுக்கிக்கிட்டு இருப்பாங்க. போனை ஒரு டின்ல சாய்ச்சு வச்சிருவாங்க. நானும் இங்க வச்சிருவேன். பேசமாட்டோம். சத்தம் கேட்டா வீட்டுக்கார மேடம் எழும்பிருவாங்க. அம்மா அங்க வெங்காயம் நறுக்குவாங்க, நான் இங்க பருப்பு போடுவேன், சாக்குல உக்காந்து படிப்பேன். அவ்வளவுதான். ரெண்டு வருஷம். அங்க அம்மாவ யாரும் அடிக்கல அண்ணா, ஏசல. ஆனா யாரும் பேரு சொல்லிக் கூப்பிடுறதும் இல்லயாம்.

உங்ககிட்ட ஏன் சொல்லலன்னா, அம்மா போன புதுசுல ஒரு நாள் வேலை நேரத்துல உங்களுக்கு எடுத்தாங்க. 'வேலை நேரத்துல போனைத் தொடாதீங்கம்மா, அனுப்பிருவாங்க'ன்னு ஏசினீங்க. அதுக்குப் பிறகு 'அண்ணனுக்குத் தெரிய வேணாம்'னு சொல்லிட்டாங்க. அதான் தினமும் அழிச்சேன். சித்தி குசினிக்கு வந்தாக்கூட போனைக் கவுத்து வச்சிருவேன்.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. அம்மாவுக்கு வீட்டுக்கு வரணும். மே மாசமே என்கிட்ட சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொல்லத்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எடுக்குறாங்க. நீங்க 'சரிம்மா, வேற?'ன்னு கேட்டுருவீங்க. அம்மா 'வேற ஒண்ணுமில்லப்பா'ன்னு வச்சிருவாங்க.

சித்தி போனைப் பிடுங்கின அன்னைக்கு மணி அஞ்சு இருபத்தஞ்சு. அதுக்காக நான் தள்ளினது சரின்னு சொல்லல. சித்திகிட்ட மன்னிப்புக் கேட்டு எழுதிட்டேன்.

எல்லாப் பழியையும் அந்த ரெண்டு மணித்தியாலத்து மேல போடவும் மாட்டேன். ஏழரைக்கு அம்மா வச்சதும் வீடு சட்டுனு செத்த மாதிரி ஆயிரும். அது தாங்காம ஒரு வீடியோ பாப்பேன். பிறகு இன்னொண்ணு. பிறகு நிறுத்த முடியாது. கண்ணு எரியும், கை நிக்காது. சில நாள் அம்மா திரையில இருக்கிறப்பவே கீழ சின்னதா கேம் ஓடும். அம்மாவுக்கு அது தெரியாது. அது என் வியாதிதான். கொப்பியில வெறுமையா இருந்த பக்கத்துல இப்ப இதை எழுதி மிஸ்கிட்ட குடுத்துட்டேன்.

நம்பர் ஏன் கேட்டேன் தெரியுமா? ரிஃப்னா ஒரு சின்னப் போனை மாவு டின்னுக்குள்ள ஒளிச்சுக் கொண்டு வந்திருந்தா. ஒரு நாள் அஞ்சரைக்குத் தண்ணி டாங்கிக்குப் பின்னால நின்னு எனக்குக் குடுத்தா. வாங்கினேன். அம்மா நம்பர் வரல அண்ணா. ரெண்டு வருஷம் தினமும் எடுத்த நம்பர், ஒரு இலக்கம்கூட ஞாபகம் இல்ல. எல்லாம் போனுக்குள்ளதான் இருந்துச்சு, எனக்குள்ள ஒண்ணும் இல்ல. அங்கேயே உக்காந்து அழுதேன். ரிஃப்னா பயந்து போயி அவளே போனை மிஸ்கிட்ட குடுத்துட்டா. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு கிழமை பாத்திரம் கழுவுற வேலை. 'உன்னால என் டீம் முழுசா செத்துச்சுடி'ன்னா. ஆனா என்னோடதான் கழுவுனா.

அம்மாகிட்ட கேளுங்க. அவசரப்படாம கேளுங்க.

சுலா


பொல்பிட்டிய
09.10.2024

சுலா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இரண்டு தடவை படித்துவிட்டு வேலைக்குப் போனேன். எங்கள் வேலையில் முதல் பாடம் இதுதான்: பிரேக்கர் ட்ரிப் ஆகி மின்சாரம் நின்றால், ஏன் ஆனது என்று பார்க்காமல் ரீசெட் பண்ணாதே. அதைப் பத்துப் பேருக்கு நானே கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன். உன் போனை எடுத்த கையோடு ரீசெட் பண்ணியவனும் நான்தான். அதற்கு மேல் என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

நேற்று ஒருவரோடு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு குவார்ட்டர்ஸில் இருந்தேன். சரியாக அஞ்சரைக்கு அம்மாவுக்கு எடுத்தேன். இரண்டு ரிங் முடிவதற்குள், 'என்னப்பா? சுலாவுக்கு என்ன?' என்று மூச்சு வாங்கினார். நான் எடுத்தால் ஏதோ விபரீதம் என்றுதான் நினைக்கிறார். 'ஒண்ணுமில்லம்மா, போனை டின்ல சாய்ச்சு வைங்க. நான் சோறாக்கப் போறேன்' என்றேன். 'சுலா சொல்லிட்டாளா?' என்றார். 'எழுதினா' என்றேன். பிறகு போனைச் சாய்த்து வைத்தார்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் இருபது நிமிஷம் எனக்குப் பைத்தியம் பிடித்தது. பேச்சும் இல்லை, வேலையும் இல்லை, திரையில் அம்மாவின் முழங்கையும் ஒரு கத்தியும் மட்டும். மூன்று தடவை மணி பார்த்தேன். பிறகு எப்போது என்று தெரியவில்லை, பார்ப்பதை விட்டுவிட்டேன். அந்த ஊர் ஃபேன் சத்தம் கேட்டது. அம்மா மூக்கை உறிஞ்சினார், வெங்காயமாக இருக்கும் என்று நினைத்தேன். போன் செத்த பிறகும் பாறையில் உட்கார்ந்திருந்தோமே, அந்த மாதிரி இருந்தது. கொறட்டை மட்டும் இல்லை.

நடுவில் 'டொக்' என்று ஒரு சத்தம். லைனில் கோளாறு என்று நினைத்து போனை எடுத்து உதறிப் பார்த்தேன். மறுபடி 'டொக்'. அம்மா கரண்டியால் டின்னைத் தட்டிவிட்டு என் பின்னால் கையைக் காட்டுகிறார். திரும்பிப் பார்த்தால் பருப்பு அடிப்பிடித்துப் புகைகிறது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சத்தமே இல்லாமல். அவர் சிரித்து எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

ஏழு மணிக்கு மேல், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல், ரகசியமாகக் கேட்டார்: 'தம்பி, நான் வந்துறவா?'

எனக்கு எதற்கும் பதில் முந்திக்கொண்டு வரும் என்று உனக்குத் தெரியும். நேற்று வரவில்லை. அதற்குள் அம்மாவே, 'கூரை வேலை வேற பாதியில நிக்குது...' என்று இழுத்தார்.

'தகரம் போட்டிருக்கோம்தானே அம்மா. நனையல. வாங்க.'

'நெசமாத்தானா?'

'வாங்கம்மா.'

பதினைந்தாம் தேதி கையெழுத்துப் போடமாட்டார். டிசம்பர் முதல் கிழமை டிக்கெட் கிடைக்கும் என்கிறார்கள்.

நீ பதினாலு வயதிலிருந்து இரண்டு வருஷம் அந்த ஷிஃப்ட்டில் தனியாக நின்றிருக்கிறாய். எங்கள் ஸ்டேஷனில் மாற்ற ஆள் வராமல் ஒருத்தரும் இடத்தை விட்டு நகரமாட்டார்கள், வருகிறவன் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் போகலாம். உன்னை மாற்ற நான் வரவே இல்லை.

உன் ஸ்கூல் மஸ்கெலியாதான். ஹொஸ்டல் பேச்சு இனி இல்லை. அம்மாவின் நம்பரைத் தனிக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மனப்பாடம் பண்ணு. நானும் இப்போதுதான் பண்ணினேன்.

அண்ணா


நுவரெலியா
14.10.2024

அண்ணாவுக்கு,

நான் ரொம்ப நல்லா இருக்கேன். நீங்க பருப்பைக் கரிக்காம சாப்பிடுறீங்களான்னு எழுதுங்க.

உங்க கடிதத்தப் படிச்சிட்டு மாடியில இருந்து கீழ வரைக்கும் ஓடினேன். எதுக்கு ஓடினேன்னு தெரியல. ரிஃப்னா 'என்னடி, லெவல் ஏறிட்டியா?'ன்னா. நம்பர் பாடமாயிருச்சு. தலைகீழாவும் சொல்லுவேன்.

இருபத்தாறாம் தேதி சனிக்கிழமை பயிற்சி முடியுது. அன்னைக்கு எனக்குப் போன் குடுக்காதீங்க. மிஸ் சொல்லிச் சொல்லல, நானாத்தான் சொல்றேன். ஓ.எல் முடியட்டும். எனக்கு இன்னும் கை போகும்னு தெரியும். நேத்துக்கூட போச்சு. கொப்பியில எழுதினேன், பிறகு போய் எல்லாருக்கும் தேங்காய் துருவினேன்.

அதனால அம்மா வர்ற வரைக்கும் அஞ்சரை மணி ஷிஃப்ட் உங்களோடது. தெரிஞ்சு வச்சுக்குங்க. ஒரு டொக்னா அடுப்பைப் பாரு. ரெண்டு டொக்னா கிட்ட வா, முகத்தக் காட்டு. மூணு டொக்னா மேடம் எழும்பிட்டாங்க, உடனே வச்சிறணும், போயிட்டு வாறேன்னு சொல்லக்கூடாது. அம்மா கண்ணைத் துடைச்சா ஏன்னு கேக்காதீங்க. கேட்டா வெங்காயம்னு சொல்லுவாங்க. முட்டைக்கோஸ் நறுக்குறப்பவும் வெங்காயம்னுதான் சொல்லுவாங்க.

ஏழரைக்கு வச்ச பிறகு ஒரு மாதிரி இருக்கும். அப்ப போனை நோண்டாதீங்க. சித்திக்கு எடுத்து ரெண்டு வார்த்தை பேசுங்க. நான் அதைச் செஞ்சிருக்கணும்.

சுலா


பொல்பிட்டிய
19.10.2024

சுலாவுக்கு,

சுகம் கேட்டதற்கு நன்றி. பருப்பு இப்போது பரவாயில்லை. ஷிஃப்ட் புத்தகத்தில் உள்ளபடி எழுதுகிறேன்.

17.10. அஞ்சரைக்குப் பொறுப்பேற்றேன். அம்மா வெங்காயம், நான் கத்தரிக்காய். பேச்சு இல்லை. ஏழரைக்கு முடிந்தது.

18.10. இரண்டு டொக். முகத்தைக் காட்டினேன். 'மெலிஞ்சுட்ட' என்றார். அவர் மெலிந்திருப்பதை நான் சொல்லவில்லை.

19.10. ஏழு மணிக்கு மூன்று டொக். உடனே வைத்துவிட்டேன். நீ சொன்னது சரிதான், அதற்குப் பிறகு ஒரு மாதிரிதான் இருக்கிறது. சித்திக்கு எடுத்தேன். ஒரு மணித்தியாலம் பேசினார். நான் நடுவில் 'சரி, வேற?' என்று கேட்கவில்லை.

இருபத்தாறாம் தேதி காலையில் உன்னைக் கூட்டிப்போக வருகிறேன். பஸ் பிடித்து மஸ்கெலியா வந்து சேர நாலு மணியாகிவிடும். பையை லயத்தில் போட்டுவிட்டுச் சித்தியையும் கூட்டிக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்கு ஏறுவோம். இப்போது லயத்திலேயே நல்ல சிக்னல் வருகிறது, அது எனக்கும் தெரியும். இருந்தாலும் ஏறுவோம். அஞ்சரைக்கு அம்மாவைப் பாறையில் சாய்த்து வைப்போம். ரொட்டி சித்தி சுடுகிறாராம், கட்டச்சம்பல் நீ இடிக்கவேண்டும்.

உன் போன் வேண்டாம். என் போன் ஒன்று போதும். மழை வந்தால் குடையை நான் பிடிக்கிறேன்.

அண்ணா